குரல்வளை இல்லாத ஸ்டார்ட்டர்

என் அலமாரியில், எல்.ஐ.சி. பாலிசிக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவில், 1976ஆம் வருஷத்துச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டம், முதலிடம், 11.2 விநாடி. அதில் என் பெயர் மட்டும்தான் உண்மை. அதிலும் இனிஷியல் தப்பு.

இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் நான் செய்த அதிகாரம் கொஞ்சமல்ல. மகன் காலையில் ஏழு மணிக்கு எழுந்தால் சான்றிதழ் வெளியே வரும். மனைவி முட்டிவலி என்றால் வரும். பேத்தி ஓட்டப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்ததும் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, போடவில்லை.

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் ஒரு மைதானம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அது ஆடுகளுக்குச் சொந்தம். சனிக்கிழமை சுண்ணாம்புத் தூளில் ஆறு கோடு இழுத்தால் டிராக். நீளம் நூறு மீட்டர் என்பது பி.டி. மாஸ்டரின் காலடிக் கணக்கு. அவர் கால் நீளமான கால். இப்போது வீரர்கள் காலை உதைத்துக் கிளம்ப பிளாக் இருக்கிறது. எங்களுக்குக் குழி. மேஸ்திரி வீட்டிலிருந்து கொத்துக்கரண்டி இரவல் வாங்கி, முன்காலுக்கு ஒன்று, பின்காலுக்கு ஒன்று தோண்டிக்கொள்வோம். என் குழியில் அடுத்தவன் கால் வைத்தால் அடிதடி.

துப்பாக்கி கிடையாது. இரண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்த்த கட்டை ஒன்று மாஸ்டரிடம் இருந்தது. கிளாப்பர் என்போம். தலைக்கு மேலே பிடித்து 'டப்' என்று அறைவார். அவர் கன்னடக்காரர், எங்களுக்கு 'மேஷ்ட்ரு'. யாராவது முந்திக் கிளம்பினால் காதைப் பிடித்துத் திருகி, "ஏனோ, டிக்கெட் இல்தே பஸ் ஹத்திதியா?" என்பார். டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறினாயா என்று கேள்வி. இரண்டாம் தடவையும் முந்தினால் விதிப்படி வெளியே போக வேண்டும். அப்போது வகுப்புத் தலைவன் வருவான், கணக்கு வாத்தியார் வருவார், டீக்கடைக்காரர் வருவார். எல்லோரும் சேர்ந்து பெங்களூரின் மூல மந்திரத்தைச் சொல்வார்கள்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, ஸார்." கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று அர்த்தம். மாஸ்டர் யோசிப்பார். "சரி, ஒரு அடி பின்னாடி நில்லு" என்பார். இது எங்கள் மைதானத்து நாட்டாமைத் தீர்ப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் முந்திக் கிளம்பியவர்களை ஒரு கஜம் பின்னால் தள்ளித்தான் நிற்க வைத்தார்களாம். மேஷ்ட்ருவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் எங்களிடம் தினமும் சொல்லியிருப்பார்.

என் விஷயம் வேறு. நான் ஒருநாளும் மாட்டியதில்லை. காரணம், ஓடப் பழகியதைவிட மேஷ்ட்ருவைப் பழகியது அதிகம். "செட்" என்று சொன்னதும் அவர் மூச்சை இழுத்து எச்சில் விழுங்குவார். குரல்வளை மேலே ஏறும். அது கீழே இறங்கும்போது கட்டை அறையும். மற்றவர்கள் தலையைக் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ஓரக்கண்ணால் குரல்வளையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது இறங்க ஆரம்பித்ததும் நானும் கிளம்பிவிடுவேன். டப் சத்தமும் என் முதல் அடியும் ஒன்றாக விழும். பார்ப்பவர்களுக்கு என்னமோ பயங்கர ஸ்டார்ட் மாதிரி இருக்கும். "பையன் புல்லட்டுப்பா" என்று பெயர் வந்தது இப்படித்தான்.

அடுத்தது அந்த 11.2. ஓட்டம் முடிகிற இடத்தில் மூன்று பேர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார்கள். மூன்று நேரத்தில் நடுவில் வருவதை எடுத்துக்கொள்வது முறை. துப்பாக்கிப் புகையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. ஏனென்றால் சத்தம் நூறு மீட்டர் கடந்து வர 0.3 விநாடி ஆகிவிடும். கட்டையில் புகை ஏது? டிராயிங் மாஸ்டர் உட்பட மூவரும் சத்தத்துக்குத்தான் அழுத்தினார்கள். அதாவது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்போது நான் சில அடி போயாகிவிட்டது. அந்தக் காலத்தில் நம் ஜில்லாக்களில் முறிக்கப்பட்ட சாதனைகளில் எத்தனை காலால் முறிந்தன, எத்தனை காதால் முறிந்தன என்று யாராவது கணக்கெடுத்தால் பல அலமாரிகள் காலியாகும்.

இத்தனைக்கும் நேரத்துக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து 1961இல் ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது இங்கேதான். அப்பா கையில் ஹெச்.எம்.டி. ஜனதா. தினமும் காலையில் சாவி கொடுப்பதை பூஜை மாதிரி செய்வார். அந்த வாட்ச் நிமிஷம் தவறாது. தவறியதெல்லாம் பொத்தானை அழுத்திய விரல்கள்தான்.

1984 ஆகஸ்ட். லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம், ஒலிம்பிக்கில் முதல்முறையாக. பி.டி. உஷா இறுதியில் நிற்கிறார். துப்பாக்கி வெடித்து உஷா அருமையாகக் கிளம்பினார். ஆனால் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முந்திவிட்டார் என்று எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். மறுபடி ஓடியதில் ருமேனியாவின் கோஜோகாரு 55.41, உஷா 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போயிற்று. முதல் தடவை கிடைத்த ஸ்டார்ட் இரண்டாம் தடவை வாய்க்கவில்லை என்று உஷா பிற்பாடு சொன்னார். எங்கள் ஃபாக்டரி காண்டீனில் அன்றைக்கு ஆளாளுக்கு அந்த ஆஸ்திரேலியப் பெண்ணைத் திட்டினோம். நானும் திட்டினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. அன்றைய விதிப்படி முந்தியவருக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்தான். அவர் ஓடலாம், ஓடவும் செய்தார். எச்சரிக்கை ஒருத்திக்கு, நாலாம் இடம் இன்னொருத்திக்கு. மேஷ்ட்ருவின் அட்ஜஸ்ட் தர்மம் உலக அளவில் என்ன செய்யும் என்று பார்த்தது அப்போதுதான். என் பக்கத்து டிராக்கில் ஓடிய பையன்களை ஏனோ அன்றைக்கு நினைக்கத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், முந்திக் கிளம்புவதைக் கண்டுபிடிக்கும் கருவியை ஒமேகா கம்பெனி ஒலிம்பிக்குக்குக் கொண்டுவந்ததும் அதே லாஸ் ஏஞ்சலஸில்தான். குற்றவாளியைக் கருவி பிடித்தது, தண்டிக்கத்தான் சட்டமில்லை. சட்டம் மெதுவாக நடந்து வந்தது. ஆளுக்கு ஒரு தடவை முந்தலாம் என்ற விதி 2003 வரை இருந்தது. பிறகு, ஓட்டத்துக்கு ஒரே எச்சரிக்கை, அடுத்து யார் முந்தினாலும் வெளியே என்றார்கள். இது கோளாறான விதி. மெதுவாகக் கிளம்புகிறவன் வேண்டுமென்றே முதலில் ஒரு தடவை முந்தி வைப்பான். அப்புறம் வேகமாகக் கிளம்புகிறவன்தான் பயந்து நிற்பான். எங்கள் மைதானத்தில் யாருக்கும் இவ்வளவு மூளை இருந்ததில்லை. 2010இலிருந்து ஒரே வாய்ப்பு. முந்தினால் சிவப்பும் கறுப்புமாகக் குறுக்கே வெட்டிய அட்டை, நேரே வெளியே. அடுத்த வருஷமே தென் கொரியாவின் தேகுவில் உசேன் போல்ட் அதில் மாட்டினார். உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் இறுதி. உலகமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது அவர் ஒருவருக்காக. அந்த மனிதர் பனியனைக் கழற்றிக்கொண்டு நடந்துபோனார். சிபாரிசுக்கு ஒரு டீக்கடைக்காரர்கூட வரவில்லை.

போன வருஷம் பேத்தியைப் பயிற்சிக்கு விடப் போனபோது அவளுடைய கோச் பிளாக் ஒன்றைக் காட்டினார். கால் வைக்கிற பலகைக்குப் பின்னால் கொழுக்கட்டை அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர். அழுத்தம் எப்போது ஏறுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். பெரிய போட்டிகளில் உள்ள பிளாக் ஒரு விநாடிக்கு 4,000 தடவை பார்க்குமாம். துப்பாக்கியிலிருந்து குண்டு வராது, புகை வராது. பொத்தானை அழுத்தினால் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் உள்ள ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் சத்தம் வரும்.

"எதுக்குப்பா ஆளுக்கொரு ஸ்பீக்கர்? கல்யாண வீடா?" என்றேன்.

பேத்தி முந்திக்கொண்டாள். "தாத்தா, ஒரு லேன் 1.22 மீட்டர். முதல் லேன்ல ஸ்டார்ட்டர் நின்னா எட்டாவது லேனுக்குச் சத்தம் போக 0.025 செகண்ட் ஆகும். அதுக்குள்ள முதல் லேன்ல இருக்கிறவ முந்திடுவா."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மைதானத்தில் ஆறாவது கோடு வாட்ச்மேன் மகனுக்கு என்பது எழுதாத வழக்கம். ஒன்றாவது கோடு, மேஷ்ட்ருவுக்குப் பக்கத்துக் கோடு, எனக்கு. அவன் எப்போதும் லேட்டாகக் கிளம்புவான். மந்தம் என்போம்.

முந்தியதா இல்லையா என்பதற்கு 0.1 விநாடிதான் எல்லைக்கோடு. சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், காலுக்கு உத்தரவு வந்து, கால் உதைக்க அதற்குக் குறைவான நேரத்தில் மனித உடம்பால் முடியாது என்பது விதி எழுதியவர்களின் நம்பிக்கை. ஆகவே 0.1க்குள் உதைத்தால், சத்தத்துக்குப் பிறகே உதைத்திருந்தாலும், நீ கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினாய் என்று தீர்ப்பு. ஸ்டார்ட்டர் காதில் உள்ள ஹெட்ஃபோனில் 'பீப்' கேட்கும். குரல்வளை பார்த்து ஓடுகிறவனைப் பிடிக்கவே செய்த விதி. ஐம்பது வருஷம் தள்ளி வந்து என்னைத் தேடுகிறது.

"நீங்களும் ட்ரை பண்ணுங்க அங்கிள்" என்றார் கோச். அறுபதைத் தாண்டியவனைப் பிளாக்கில் உட்கார வைத்தது அவர் தப்பு. உட்கார்ந்தது என் தப்பு. முட்டி போட்டு, இடுப்பைத் தூக்கி, பழக்கதோஷத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். மேஷ்ட்ரு இல்லை. ஸ்டாண்டில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. 'செட்' என்றது. நான் மனசுக்குள் ஒரு எச்சில் விழுங்கி, கிளம்பினேன். சத்தம் அதற்கப்புறம் வந்தது. 'செட்'டுக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது ஒவ்வொரு தடவையும் மாற்றுமாம். மெஷினுக்குக் குரல்வளை கிடையாது.

திரையில் என் ரியாக்‌ஷன் நேரம்: மைனஸ் 0.21.

"தாத்தா, டி.க்யூ." என்றாள் பேத்தி.

"ஒரு சான்ஸ் குடும்மா."

"ரூல்ல இல்ல தாத்தா. வெளியில வாங்க."

அவள் சிரிக்கவில்லை. அது ரொம்ப வலித்தது.

இரண்டாம் தடவை, கோச்சின் தயவில், நேர்மையாகக் காதால் கேட்டுக் கிளம்பினேன். 0.41. அதை மெஷின் சந்தேகப்படவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டாள். கை ஸ்டாப்வாட்ச் நேரத்தை எலெக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட 100 மீட்டருக்கு 0.24 சேர்க்க வேண்டும். சத்தத்துக்கு அழுத்தியதற்கு இன்னொரு 0.29. மொத்தம் 11.73. "இதுல நீங்க திருடினது சேரல" என்றாள். மேஷ்ட்ருவின் கால் நீளத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்காக மெஷினை சாமி மாதிரி கும்பிடவும் நான் தயாராக இல்லை. 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீனில் உலக சாம்பியன்ஷிப். டெவன் ஆலன் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சில வாரங்களுக்கு முன்னால்தான் தகப்பனாரை இழந்திருந்தார். 110 மீட்டர் தடை ஓட்ட அரையிறுதியில் அவர் ரியாக்‌ஷன் 0.101, பேஷ், ஓடு என்றது மெஷின். இறுதியில் 0.099. வெளியே போ என்றது. ஆயிரத்தில் ஒரு பங்கு! அதே போட்டியில் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட்டையும் 0.095 என்று 100 மீட்டர் அரையிறுதியிலிருந்து வெளியேற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வாங்கியது அதே பெண். 0.1 என்பது கடவுள் வாக்கு அல்ல, 0.08க்குப் பக்கத்தில் எல்லையை வைக்கலாம் என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2009லேயே சொல்லியாகிவிட்டது. விதி அசையவில்லை. அசையாமல் நிற்பதில் அந்த விதியைப் போல் ஒரு ஓட்டக்காரனும் இல்லை.

2023 அக்டோபர் 1, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு. இதை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். 100 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் சீனாவின் வூ யானி அப்பட்டமாக முந்தினார். அவர் அசைந்ததைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற விசாகப்பட்டினத்து ஜோதி யாராஜியும் கிளம்பினார். நடுவர்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஜோதி போகவில்லை. நின்று வாதாடினார். திரையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் இருவரையும் ஓடவிட்டு, தீர்ப்பை அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். அத்தனை வயர், அத்தனை கேமரா, கடைசியில் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'! ஓட்டம் முடிந்தபின் வூ யானியை நீக்கி, மூன்றாவதாக வந்த ஜோதிக்கு வெள்ளி கொடுத்தார்கள். நேரம் 12.91. உஷாவுக்குக் கிடைக்காத நியாயம் முப்பத்தொன்பது வருஷம் தள்ளி இன்னொரு பெண்ணுக்குக் கிடைத்தது. மெஷின் கொடுத்தது பாதி, ஜோதியின் வாய் கொடுத்தது பாதி.

அதே மாதம் 11ஆம் தேதி எங்கள் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் தேசிய ஓபன். கர்நாடகத்து மணிகண்ட ஹோப்ளிதார் 100 மீட்டரை 10.23இல் ஓடி தேசிய சாதனையை முறித்தார். முன்பிருந்த 10.26 அமியா மல்லிக்குடையது. ஃபோட்டோ ஃபினிஷ், காற்றளவு எல்லாம் சுத்தம். 2025 மார்ச்சில் படுகோன்-டிராவிட் மையத்து டிராக்கில் அதே மணிகண்டா 10.22 ஓடினார். தன் சாதனையைத் தானே மிஞ்சியும் இரண்டாம் இடம், ஏனென்றால் குரிந்தர்வீர் சிங் 10.20. கை ஸ்டாப்வாட்ச் காலமாக இருந்தால் இருவருக்கும் ஒரே நேரம் எழுதி, ஆளுக்குப் பாதி கோப்பை கொடுத்திருப்போம்.

ஸ்டாப்வாட்ச் நம்பிக்கை மட்டும் நம் ஜனங்களை விட்டுப் போவதில்லை. 2020இல் தட்சிண கன்னடத்தில் கம்பளா எருமை ஓட்டத்தில் ஸ்ரீனிவாச கவுடா சேற்று வயலில் 142.5 மீட்டரை 13.62 விநாடியில் கடந்தார். யாரோ வகுத்துப் பார்த்து, நூறு மீட்டருக்கு 9.55, போல்ட்டைவிட வேகம் என்று கிளப்பிவிட, இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பெங்களூர் மையத்துக்கு வந்து ஓடிக்காட்டும்படி மத்திய மந்திரியே அழைத்தார். கவுடா வர மறுத்துவிட்டார். தன்னை இழுத்து ஓடியது எருமைகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைவிட யோக்கியர். நானாக இருந்தால் அந்தச் சான்றிதழையும் அலமாரியில் வைத்திருப்பேன்.

உண்மையைச் சொன்னால், பிளாக்கில் மாட்டுவதற்கு முன்பே நான் ஒருமுறை பிடிபட்டவன்தான். 2022 டிசம்பரில் பெங்களூரின் ஐம்பது சந்திப்புகளில் தானாகக் குற்றம் பதிகிற கேமராக்களை வைத்தார்கள். இந்த ஊரில் சிக்னல் பச்சையாக மாற இன்னும் மூன்று விநாடி இருக்கும்போதே மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். கிளம்பாதவனை ஹார்ன் அடித்துக் கிளப்பும். ஊர் முழுக்க நான்தான். ஒரு சந்திப்பில் ஸ்கூட்டரின் முன்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டி நின்றது. மறுநாள் மொபைலில் செய்தி, படத்தோடு. தேதி, மணி, விநாடி எல்லாம் சரி. கோட்டைத் தாண்டி, இடுப்பைத் தூக்கி, கண் ஓரமாக சிக்னலைப் பார்த்தபடி நான். அபராதம் 500 ரூபாய்.

2023 பிப்ரவரியில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி என்று அரசாங்கம் அறிவித்தது. ஊரே வரிசையில் நின்றது. சில நாளில் நூறு கோடிக்கு மேல் வசூல். 250 ரூபாய் கட்டினேன். ரசீது அலமாரியில், சான்றிதழுக்கு அடியில் இருக்கிறது. அதில் இனிஷியல் சரியாக இருக்கிறது.